40 வயசு கூடார வண்டி: விக்கலாமா, வேண்டாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)



போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஒரு விளம்பரம் டைப் பண்ணேன். "1984 மாடல் பாப்-அப் கேம்பர் ட்ரெய்லர். 6 பேர் படுக்கலாம். கூரை ஒழுகாது. டயர் நல்ல நிலை. விலை 1,100 டாலர்." போட்டோ நாலு ஏத்தியாச்சு. கடைசி பட்டனை அழுத்தினா வேலை முடிஞ்சது. அரை மணி நேரம் அதையே பார்த்துட்டு இருந்தேன். அப்புறம் லேப்டாப்பை மூடிட்டுப் படுத்துட்டேன்.

ஏன் அழுத்த முடியலன்னு யோசிச்சதுதான் இன்னைக்கு எபிசோட். வழக்கமா இங்க இன்டர்வியூ, கோடிங், ஆபீஸ் கதைன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு மாறுதலுக்கு, கைப்பிடியைச் சுத்தி கூரையை மேல ஏத்துற ஒரு பழைய வண்டியைப் பத்திப் பேசலாம். நான் இருக்கிறது அமெரிக்காவுல, மிச்சிகன்ல. இந்த வண்டிங்க பிறந்த ஊரும் இந்தப் பக்கம்தான். வாங்கணும்னு ஆசை வர்றவங்களுக்கு என்னென்ன பார்க்கணும்னு கடைசில ஒரு பட்டியல் தரேன்.

முதல்ல, இது என்ன?

பாப்-அப் கேம்பர், டென்ட் ட்ரெய்லர், ஃபோல்டிங் ட்ரெய்லர், எல்லாம் ஒரே பொருள்தான். ரோட்டுல போகும்போது பார்த்தா, காருக்குப் பின்னாடி இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டையான பெட்டி. அவ்வளவுதான். கேம்ப் போடுற இடத்துக்குப் போய் நிறுத்தி, முன்னாடி இருக்கிற கைப்பிடியைச் சுத்தினா, பெட்டியோட மூடி அப்படியே நேரா மேல ஏறும். அதுதான் கூரை. அப்புறம் முன்பக்கமும் பின்பக்கமும் மேஜை டிராயர் மாதிரி ரெண்டு கட்டில் வெளிய வரும். கூரைக்கும் பெட்டிக்கும் நடுவுல சுவர் கிடையாது, கேன்வாஸ் துணி. ஜன்னல்னா கொசுவலையும் ஜிப்பும்.

உள்ள ஒரு சின்ன மேஜை, அதைத் தாழ்த்தினா இன்னொரு படுக்கை. ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு. கையால அடிச்சாத் தண்ணி வர்ற ஒரு குட்டி சிங்க். ஃப்ரிட்ஜுக்குப் பதிலா ஐஸ் கட்டி வைக்கிற பெட்டி. பாத்ரூம் கிடையாது, ராத்திரி டார்ச் எடுத்துட்டு நடக்கணும்.

டென்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற ஒரு பொருள் இது. தரையில படுக்க வேண்டாம், மழைத்தண்ணி முதுகுக்குக் கீழ ஓடாது. அதே நேரம் பெரிய ஆர்.வி. மாதிரி டி.வி., ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திட்டு உட்காரவும் முடியாது.

கோழிக்கூண்டுல ஆரம்பிச்ச தொழில்

கதை நூறு வருஷத்துக்கு மேல போகுது. ஃபோர்டு மாடல் டி வந்து சாதாரண ஜனங்க கையில கார் கிடைச்சதும், காருக்குப் பின்னாடி மடக்குற கூடாரத்தை இழுத்துட்டு ஊர் சுத்த ஆரம்பிச்சாங்க. 1919-ல ஃப்ளோரிடாவோட டாம்பாவுல அந்த மாதிரி கார் கேம்பிங் பயணிகள் சேர்ந்து ஒரு சங்கமே வச்சாங்க. பேரு 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'.

ஆனா நான் சொல்ற பழைய பாப்-அப்போட பொற்காலம் 1960-ல இருந்து 80 வரைக்கும். 1956-ல இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது, ரோடு நல்லாச்சு. மிச்சிகன்ல லபீர்ங்கிற சின்ன ஊர்ல இருந்து அப்பாச்சி ட்ரெய்லர்கள் வந்தது. துணிக்குப் பதிலா கெட்டியான பிளாஸ்டிக் சுவர் வச்ச பாப்-அப்பும் அவங்க பண்ணாங்க. விளக்குக்கும் ஐஸ் பெட்டிக்கும் பேர்போன கோல்மேன் கம்பெனி 1967-ல பென்சில்வேனியாவோட சாமர்செட்ல ட்ரெய்லர் பண்ண ஆரம்பிச்சது. அடுத்த வருஷம், 1968-ல, இந்தியானா மாநிலத்துல மிடில்பரிங்கிற ஊர்ல லாயிட் பான்ட்ராகர்னு ஒருத்தர், கூரையைத் தூக்குறதுக்குத் தானே யோசிச்ச ஒரு மெக்கானிசத்தை வச்சுக் கம்பெனி தொடங்கினார். இடம் எது தெரியுமா? தன்னோட பண்ணையில இருந்த கோழிக்கூண்டு கொட்டகை. அதுதான் இன்னைக்கும் இருக்கிற ஜேகோ.

நம்ம கராஜ் ஸ்டார்ட்அப் கதை எல்லாம் கேட்டுக் கேட்டுச் சலிச்சிருப்பீங்க. கோழிக்கொட்டகை ஸ்டார்ட்அப் புதுசு இல்லையா?

1973-ல பெட்ரோல் நெருக்கடி வந்தப்போ, கனமான பெரிய ட்ரெய்லரை இழுக்கிறது கையைக் கடிச்சது. பாப்-அப் எடை குறைவு, மடிச்சா உயரமும் குறைவு, காத்தைக் கிழிக்க வேண்டியதில்ல. சின்ன காரே இழுக்கும். இன்னைக்கு எனக்கும் அதே காரணம்தான். என் கார் இழுக்கலாம்னு கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கிற எடை 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. எங்க ட்ரெய்லர் காலியா 500 கிலோ. சாமான் ஏத்தினாலும் கணக்குக்குள்ள நிக்குது.

எதுக்கு வாங்கினோம்?

'எங்க'ன்னு சொன்னேன். வாங்கினது நானும் என் ரூம்மேட்டும். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல ஆரம்பிச்ச ரூம்மேட். மெக்கானிக்கல் படிச்சிட்டு ஜாவா எழுதுறவன். இந்த எபிசோட் கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் அந்தக் கேட்டகரின்னு எனக்குத் தெரியும்.

2022 வசந்தத்துல, கூட வேலை பார்த்தவங்க எல்லாம் டெட்ராய்ட் பக்கத்துல வீடு வாங்கிட்டு இருந்தாங்க. "நீ எப்படா?"ன்னு ஊர்ல இருந்தும் கேள்வி. எங்க ரெண்டு பேருக்கும் எச்-1பி விசா. வேலை போனா அதிகபட்சம் 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி எடுக்கலன்னா கிளம்பணும். அந்த 60 நாளை மனசுல வச்சுக்கிட்டு 30 வருஷ லோன்ல கையெழுத்துப் போட எனக்கு தைரியம் வரல. சோபா வாங்கவே யோசிக்கிற ஆளுங்க நாங்க. மூணு வருஷமா வீட்டுல இருந்தது ரெண்டு மெத்தை, ஒரு மடக்கு மேஜை.

அப்போதான் ஒரு விளம்பரம். ரிட்டயர் ஆன பெரியவர், 1984 மாடல், 1,200 டாலர். புதுசு வாங்கினா பதினஞ்சாயிரத்துக்கு மேல. போய்ப் பார்த்தோம். அவர் ஒரு மணி நேரம் பொறுமையா, எதை முதல்ல இழுக்கணும், எதை அப்புறம்னு காட்டினார். "1991-ல நானே செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. புள்ளைங்க மூணு பேரும் இதுல தூங்கித்தான் வளர்ந்தாங்க. இப்ப யாரும் வர்றதில்ல"ன்னார். பேரம் பேசி 1,100. ஆளுக்கு 550. கூரைன்னு ஒண்ணு இருக்கிற பொருள், எங்க ரெண்டு பேர் வாழ்க்கையிலயும் சொந்தமா வாங்கினது அதுதான் முதல்.

எது பழசா இருக்கலாம், எது இருக்கக்கூடாது

வீட்டுக்குக் கொண்டு வந்த மறுநாளே பழசோட நிறம் தெரிஞ்சது. ஒரு மூலையில தரையை மிதிச்சா உள்ள போச்சு. கூரை இணைப்புல எப்பவோ தண்ணி இறங்கி, கீழ இருந்த ப்ளைவுட் டீயில நனைச்ச ரஸ்க் மாதிரி ஆயிருந்தது. நாங்க ஒரு மணி நேரம் அதைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்தப்போ மேல கார்ப்பெட் போட்டிருந்தது. தூக்கிப் பார்க்கத் தோணல.

மூணு வார இறுதி ஆச்சு. அழுகின பலகையை வெட்டி எடுத்து, புது ப்ளைவுட் போட்டு, கூரை இணைப்புல பழைய சீலன்டைச் சுரண்டிட்டுப் புதுசு பூசினோம்.

ரூம்மேட்டுக்கு ரொம்பப் பிடிச்சது கூரை ஏறுற மெக்கானிசம். எங்க மாடல்ல எப்படின்னா, முன்னாடி வின்ச். அதைச் சுத்தினா ஒரு ஸ்டீல் கேபிள், வண்டிக்கு அடியில இருக்கிற ஒரு குறுக்குக் கட்டையை இழுக்கும். அந்தக் கட்டை, குழாய்க்குள்ள இருக்கிற நாலு நீளமான ஸ்பிரிங்கை ஒரே நேரத்துல தள்ளும். அந்த ஸ்பிரிங் நாலு மூலைக்கும் வளைஞ்சு போய், பழைய ரேடியோ ஆன்டெனா மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கிற கம்பிகளை மேல தள்ளும். ஒரு கை, நாலு மூலை, கூரை சாயாம ஏறும். அந்தக் குறுக்குக் கட்டைக்கு விஃபிள்ட்ரீன்னு பேரு. குதிரை பூட்டின வண்டியில இழுவையைச் சமமாப் பிரிக்கிற கட்டையோட பேரு அது. குதிரை வண்டிப் பேரு கேம்பர் ட்ரெய்லருக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு.

அவன் கார்ட்போர்டு விரிச்சு அடியில படுத்துக்கிட்டு கிரீஸ் போட்டான். முகமெல்லாம் கறுப்பு. "மச்சான், நாலு வருஷம் படிச்சது இப்பதான்டா யூஸ் ஆகுது"ன்னான். நான் கைப்பிடியைச் சுத்த, அவன் ஒவ்வொரு மூலையா ஓடி ஓடிப் பார்த்தான். மூணு ஏறிச்சு, நாலாவது கொஞ்சம் பின்தங்கி, அப்புறம் 'டக்'குனு சேர்ந்துக்கிச்சு. ரெண்டு பேரும் பார்க்கிங் லாட்ல நின்னு கைதட்டினோம்.

டயர்ல ஒரு பாடம். ட்ரெய்லர் டயர் சின்னது, கிட்டத்தட்ட நம்ம ஆட்டோ சக்கரம். பார்க்கப் புதுசு மாதிரி, கட்டை தேயவே இல்ல. ஆனா டயர் பக்கவாட்டுல தயாரிச்ச தேதி இருக்கும். நாலு இலக்கம், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்க டயர்ல மூணே இலக்கம். தேடிப் பார்த்தா, மூணு இலக்கம் போட்டது 2000-க்கு முன்னாடி! ட்ரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ஞ்சு சாகாது, நின்ன இடத்துலயே வயசாகிச் சாகும். அந்த டயரோட ஹைவேயில 60 மைல் வேகத்துல வந்திருக்கோம். அன்னைக்கே ஆர்டர் போட்டோம். புது டயர்ல இருந்த நம்பர் 1422. 2022-ஓட 14-வது வாரம். இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க.

நாலு பீப்

இப்ப நான் ஜாஸ்தி பேசாத ஒரு ராத்திரி.

முதல் ட்ரிப், 2022 மே கடைசி. மிச்சிகன் ஏரிக்கரையில ஸ்லீப்பிங் பேர் ட்யூன்ஸ், டி.எச். டே கேம்ப் கிரவுண்ட். அங்க கரன்ட் கிடையாது. பகல் நல்லா இருந்தது. ராத்திரி ஏரியில இருந்து வந்த குளிர் எலும்புக்குள்ள போச்சு.

பெரியவர் ட்ரெய்லரோட சேர்த்து ஒரு பழைய கேஸ் ஹீட்டரும் கொடுத்திருந்தார். புகை வெளிய போகக் குழாய் இல்லாத ரகம். "30 வருஷம் இதைத்தான் யூஸ் பண்ணோம், ஒண்ணும் ஆகல"ன்னார். அதை ஏத்தினோம். குளிருக்காக ஜன்னல் ஜிப் எல்லாத்தையும் ஒட்ட மூடினோம். துணிச் சுவர்தானே, காத்து எப்படியும் வரும்னு நினைப்பு. அரை மணி நேரம் எரிச்சிட்டு அணைக்கிறதா பிளான். யாரு அணைக்கிறதுன்னு பேசிக்கல. ரெண்டு பேரும் தூங்கிட்டோம்.

ரெண்டு மணி சுமாருக்கு ஒரு சத்தம். நாலு பீப், கொஞ்சம் இடைவெளி, மறுபடி நாலு பீப். நான் அரைத் தூக்கத்துல "பேட்டரி தீர்ந்துபோச்சுடா, கழட்டி வெளிய போடு"ன்னேன். தலை கல்லு மாதிரி இருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து, "பேட்டரி தீர்ந்தா ஒரு பீப்புதான்டா வரும்"னான். அடுத்த நொடி கதவைத் திறந்து என் ஜாக்கெட்டைப் பிடிச்சு இழுத்தான். வெளிய புல்லுல உட்கார்ந்து ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசல. எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்தது.

கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்ல, நிறம் இல்ல. மூடின இடத்துல காத்தோட்டம் குறையக் குறைய, கேஸ் சரியா எரியாம அது உருவாகும். அந்த அலாரத்தை வாங்கணும்னு சொன்னவன் அவன். "துணி வண்டிக்கு எதுக்குடா 25 டாலர் தண்டம்?"னு கேட்டவன் நான்.

அந்தப் பெரியவர் பொய் சொல்லல. அவருக்கு 30 வருஷம் ஒண்ணும் ஆகல, அது உண்மைதான். எதாவது ஆனவங்க வந்து நமக்கு ட்ரெய்லர் விக்க மாட்டாங்க. ஆபீஸ்ல கூட இதைப் பார்த்திருப்பீங்க. "இந்த கோட் பத்து வருஷமா ஓடுது, தொடாத"ன்னு ஒருத்தர் சொல்வார். ஓடுறதும் பத்திரமா இருக்கிறதும் வேற வேற.

பழைய பொருள் மேல ஆசை இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: எல்லாத்தையும் ஒரிஜினலா வச்சுக்கணும்னு அடம் பிடிக்காதீங்க. பெட்டி பழசா இருக்கட்டும், அலமாரிக் கதவு பழசா இருக்கட்டும், அந்த ஆரஞ்சு கலர் பூப்போட்ட திரைச்சீலை நிச்சயமா பழசா இருக்கட்டும். டயர், வீல் பேரிங், கேஸ் ட்யூப், கேஸ் சிலிண்டர், ஒயரிங், அலாரம், இதெல்லாம் புதுசா இருக்கணும். இதைப் பிரிக்கத் தெரிஞ்சாத்தான் பழசு சுகம்.

சரி, அப்புறம் என்ன கவர்ச்சி?

இவ்வளவு வேலை, ஒரு ராத்திரி உயிர் பயம். அப்புறமும் அந்த வருஷம் அஞ்சு தடவை போனோம். ஏன்?

முதல் காரணம் கேன்வாஸ். நைலான் டென்ட்ல விடியக்காலை எழுந்தா மேல இருந்து நம்ம மூச்சே தண்ணியாச் சொட்டும். பருத்தி கேன்வாஸ் மூச்சு விடும். மழை பெஞ்சா நூல் உப்பிக்கிட்டு துவாரம் அடைபடும், தண்ணி உள்ள வராது. ஆனா நனைஞ்ச துணியை உள்ள இருந்து விரலால தொட்டா, அந்த இடத்துல கசிய ஆரம்பிச்சிடும். சின்னப் பசங்களை வச்சிருக்கிறவங்க கவனம். காலைல வெயில் அந்தத் துணி வழியா வரும்போது உள்ள ஒரு பழுப்பு வெளிச்சம் இருக்கும் பாருங்க, பழைய கல்யாண ஆல்பம் போட்டோக்குள்ள எழுந்த மாதிரி. பக்கத்து சைட்ல யாரோ காபி போடுற சத்தம், மரங்கொத்தி, அலை, எல்லாம் கேட்கும். நாம பேசுறதும் அவங்களுக்குக் கேட்கும். ஆபீஸ் புலம்பலைத் தமிழ்லயே வச்சுக்கோங்க.

ரெண்டாவது, ஜனங்க வந்து பேசுறாங்க. மூணு வருஷம் அபார்ட்மென்ட்ல இருந்தும் எதிர் வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாது. இந்த வண்டியை விரிச்சு வச்சா, குறைஞ்சது ரெண்டு பேராவது நின்னு, "எங்க அப்பாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்தது"ன்னு ஆரம்பிப்பாங்க. உள்ள எட்டிப் பார்க்கலாமான்னு கேட்பாங்க. ஒரு அம்மா அந்தத் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லாம நின்னாங்க. எங்க ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஞாபகத்துக்கு நாங்க சாவி வச்சிருந்தோம்.

மூணாவது, இதை ஒருத்தரா விரிக்கிறது கஷ்டம். முடியும், ஆனா இழுபறி. ஒருத்தர் கட்டிலை இழுக்க இன்னொருத்தர் அடியில முட்டுக்கம்பி மாட்டணும். ஒருத்தர் துணியை ஒதுக்க இன்னொருத்தர் கூரையை இறக்கணும். சண்டை போட்டிருந்தாலும் "பிடிச்சிருக்கியா? பிடிச்சிருக்கேன்"னு பேசித்தான் ஆகணும்.

கடுப்பேத்துற விஷயமும் உண்டு. கிளம்புற நாள் மழைன்னா ஈரத்தோட மடிக்கணும். ரெண்டு நாளைக்குள்ள மறுபடி விரிச்சுக் காயவைக்கலன்னா பூஞ்சை பிடிச்சு, துணி போச்சு. புதுத் துணி தைக்கக் கொடுத்தா நாங்க ட்ரெய்லர் வாங்கின விலையை விட அதிகம் ஆகும். எங்க அபார்ட்மென்ட்ல ட்ரெய்லருக்கு அனுமதி இல்ல. ஊருக்கு வெளிய ஒரு பண்ணைக் கொட்டகையில மாசம் 40 டாலருக்கு நிறுத்தி வச்சிருக்கேன். ஒருமுறை தனி வீட்டுல இருக்கிற நண்பரோட டிரைவ்வேயில வடாம் காயப்போடுற மாதிரி விரிச்சுப் போட்டோம். மறுநாளே அந்தக் குடியிருப்புச் சங்கத்துல இருந்து அவருக்குக் கடுதாசி வந்திடுச்சு.

60 நாள்

2023 ஆகஸ்ட். ரூம்மேட்டோட டீம் மொத்தமும் போச்சு. பதினஞ்சு நிமிஷ மீட்டிங், அன்னைக்கு சாயங்காலமே லேப்டாப் லாக். மறுநாள்ல இருந்து எண்ண ஆரம்பிச்சான். ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர், 60-ல இருந்து இறங்கு வரிசை. முதல் மாசம் தினமும் பத்து அப்ளிகேஷன். ரெண்டு கம்பெனி கடைசி ரவுண்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய், ஆள் எடுக்கிறதை நிறுத்தி வச்சிருக்கோம்னு சொன்னாங்க.

எட்டோ ஒன்பதோ இருக்கும்போது, "லடிங்டன் போலாமாடா?"ன்னான். அக்டோபர் ஆரம்பம், வார நாள், இடம் கிடைச்சது. ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, இன்னொரு பக்கம் ஹாம்லின் ஏரி, நடுவுல அந்த ஸ்டேட் பார்க். மேப்பிள் இலை எல்லாம் சிவக்க ஆரம்பிச்சிருந்தது. மணல்ல நடந்து பிக் சேபிள் கலங்கரை விளக்கம் வரைக்கும் போனோம். 1867-ல கட்டினது, கறுப்பு வெள்ளைப் பட்டை. வேலையைப் பத்தி அவன் பேசல, நானும் கேட்கல. ராத்திரி சைட்ல கரன்ட் இருந்ததால எலக்ட்ரிக் ஹீட்டர். அவன் படுக்கிறதுக்கு முன்னாடி அலாரத்தோட டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தான். நாலு பீப். ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்.

மடிக்கிற அன்னைக்குக் காலைல நான் கைப்பிடியைச் சுத்தி கூரையை இறக்க, அவன் சுத்தி வந்து துணியை உள்ள தள்ளிவிட்டுட்டே இருந்தான். இருபது நிமிஷத்துல அந்த வீடு ஒரு பெட்டி ஆச்சு. தாழ்ப்பாளைப் போட்டுட்டு, "இதை மட்டும்தான்டா நாம ஒழுங்கா மடிக்கக் கத்துக்கிட்டோம்"னான்.

அடுத்த வாரம் ஏர்போர்ட். ரெண்டு சூட்கேஸ். இப்ப சென்னையில வேலையில இருக்கான், நல்லா இருக்கான். போன வருஷம் 550 டாலர் அனுப்பட்டுமான்னு கேட்டேன். "வித்தா கொடு, விக்கலன்னா இருக்கட்டும்"னு சொல்லிட்டான்.

வாங்க நினைக்கிறவங்களுக்கு

சொன்ன மாதிரி பட்டியல். அமெரிக்கா, கனடா பக்கம் இருந்துட்டு பழைய பாப்-அப் பார்க்கப் போறீங்கன்னா:

ஒண்ணு, முழுசா விரிச்சுக் காட்டச் சொல்லுங்க. "நல்லாத்தான் இருக்கு, மடிச்சிருக்கு"ன்னா திரும்பி வந்துடுங்க.

ரெண்டு, தரையை மூலை மூலையா மிதிங்க. கார்ப்பெட்டைத் தூக்குங்க. கூரையோட உள்பக்கம் பழுப்புக் கறை இருக்கான்னு பாருங்க. உள்ள தலையை விட்டு மூச்சை இழுங்க. பூஞ்சை வாடை பொய் சொல்லாது.

மூணு, கைப்பிடியை நீங்களே சுத்துங்க. கூரையைத் தூக்கி வச்சுட்டு அதுக்கு அடியில வேலை பார்க்கிறதா இருந்தா, நாலு மூலைக்கும் கட்டை முட்டுக் கொடுத்துட்டுத்தான். பழைய கேபிளை நம்பித் தலையைக் கொடுக்காதீங்க.

நாலு, டயர் தேதி. அஞ்சாறு வருஷம் தாண்டினா மாத்துங்க. பேரிங்குக்குப் புது கிரீஸ். வழியில பெட்ரோல் போட நிக்கும்போது சக்கரத்தோட நடுவுல புறங்கையை வச்சுப் பாருங்க. இளஞ்சூடு சரி, கை வைக்க முடியலன்னா கிளம்பாதீங்க.

அஞ்சு, உங்க கார் எவ்வளவு இழுக்கும்னு கார் புத்தகத்துல பாருங்க, விக்கிறவர் வாயில கேட்காதீங்க. ட்ரெய்லர் எடையில 10-ல இருந்து 15 சதவீதம் கொக்கி மேல இறங்கணும். பின்பக்கம் கனம் அதிகமானா ஹைவேயில வால் ஆட ஆரம்பிக்கும்.

ஆறு, ரிவர்ஸ் எடுக்க ஒரு சின்ன வழி. ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்க. முதல் நாள் காலி பார்க்கிங் லாட்ல பழகிக்கோங்க. எனக்கு ஒரு குப்பைத்தொட்டி செலவாச்சு.

ஏழு, கரடி இருக்கிற இடங்கள். யெல்லோஸ்டோன்ல ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க் மாதிரி சில இடங்கள்ல கெட்டிச் சுவர் வண்டி மட்டும்தான். துணி வச்ச பாப்-அப்புக்கு அனுமதி இல்ல. புக் பண்றதுக்கு முன்னாடி படிங்க.

எட்டு, 25 டாலர் அலாரம். இதுக்கு விளக்கம் தேவையில்லன்னு நினைக்கிறேன்.

பட்டன்

திரும்ப ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு வரேன். விக்கிறதுக்கு நியாயமான காரணம் இருக்கு. தனியா விரிக்கிறது கஷ்டம். மாசம் 40 டாலர் போகுது. இந்த வருஷம் ஒரே ஒரு தடவைதான் வெளிய எடுத்தேன்.

விளம்பரத்துல "டயர் நல்ல நிலை"ன்னு டைப் பண்ணப்போ அந்த நம்பர் ஞாபகம் வந்தது. 1422. 2027, 2028 வரைக்கும் அந்த டயருக்கு ஆயுசு. என் விசாவுக்கு அவ்வளவு இருக்கான்னு எனக்குத் தெரியாது. இந்த ஊர்ல எனக்குச் சொந்தமா இருக்கிற பொருள்லயே, என்னைவிட அதிக நாள் இங்க இருக்கப் போறது அதுவா இருக்கலாம். 1984-ல வாங்கினவங்க, பெரியவர், நாங்க. எங்களுக்கு அடுத்தும் ஒருத்தர் வரத்தான் செய்வார். அதுல எனக்கு வருத்தம் இல்ல. யாரு எப்ப கிளம்பினாலும் இருபது நிமிஷத்துல மடிச்சு, அடுத்தவங்க கையில கொடுக்கிற மாதிரித்தான் அதைப் பண்ணியிருக்காங்க. லோன் இல்ல, உடைஞ்சா நாமளே பிரிச்சுப் பார்க்கலாம், இருக்கிற வரைக்கும் அது வீடு. எங்களை மாதிரி எத்தனை நாள்னு தெரியாம இருக்கிறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

அதனால இப்போதைக்கு விளம்பரம் டிராஃப்ட்லயே இருக்கட்டும். ஒருநாள் போடுவேன். அன்னைக்கு வாங்க வர்றவருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எதை முதல்ல இழுக்கணும், எதை அப்புறம்னு காட்டிக் கொடுப்பேன். ஹீட்டரைக் கொடுக்க மாட்டேன், அலாரத்தைக் கொடுப்பேன்.

நேத்து ரூம்மேட்கிட்ட இதைச் சொன்னேன். வாய்ஸ் நோட் போட்டான். "விக்கிறதோ வைக்கிறதோ உன் இஷ்டம்டா. குளிர் வர்றதுக்குள்ள அந்த ஸ்பிரிங் குழாய்க்கு கிரீஸ் போட்டுடு."

இந்த வார இறுதி அதுதான் வேலை. கார்ட்போர்டு எடுத்து வச்சிருக்கேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. உங்க வீட்டுல விக்கவும் முடியாம, வச்சுக்கவும் முடியாம ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க, அதைப் பத்தியும் பேசுவோம்.